இசைச் சேகரத்தில் உரப்பைச் சமப்படுத்தல்

பல்வேறு காலங்களிற் பதிவு செய்யப்பெற்ற இசைகளை இலக்கமுறைக் கோப்புகளாக ஒருங்கு சேர்த்துக் கேட்போர், ஒரு பாட்டு மெலிதாயும் அடுத்தது செவியைத் தாக்குவதாயும் இருத்தலைக் காண்பர். இவ்வேற்றுமை எதனால் எழுகின்றது, இசைக்கு ஊறின்றி அதனை நீக்குமாறு யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

இறுவட்டில் ஒலியலையின் வீச்சம் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். உச்சப் படியைக் கடப்பின் அலையின் முடி வெட்டுண்டு ஒலி சிதையும். ஆயின், உச்சம் ஒத்த இரு பதிவுகள் உரப்பிலும் ஒத்திருக்கும் என்பது நியதியன்று. முழவில் விழும் அறையின் உச்சம் உடனே தணியும். குழலின் ஒலியோ நீடித்து நிற்கும். செவி பெரிதும் உணர்வது கணப்பொழுதின் உச்சத்தை அன்று. தொடர்ந்து வரும் ஆற்றலையே. 1990ஆம் ஆண்டுகள் தொட்டுப் பதிவாளர் பலர் உச்சங்களை நெருக்கிச் சராசரியை உயர்த்தினர். புதிய பதிவுகள் பழையனவற்றினும் உரத்து ஒலித்தற்கு இதுவே தலையாய காரணமாம்.

மேலும், செவி எல்லா ஒலிகளையும் ஒப்ப உணர்வதில்லை. செக்கனுக்கு 3,000 முதல் 4,000 வரை அதிர்வுகளையுடைய ஒலிகளை அது கூர்ந்து உணரும். ஆழ்ந்த ஒலிகளை அத்துணை உணராது. இவ்வுண்மையை அமெரிக்க அறிஞர் பிளெச்சர், மன்சன் ஆகியோர் 1933இல் அளந்து காட்டினர்.

இவ்வடிப்படையில் 2001இல் டேவிட் றொபின்சன் என்பார் 'றீப்பிளே கெயின்' எனும் முறையை வகுத்தார். பாட்டு முதற்கண் செவியின் இயல்புக்கேற்ப வடிகட்டப்படும். பின்னர், செக்கனின் இருபதிலொரு பங்கு நீளமுள்ள துண்டங்களாக்கப்பட்டு, ஒவ்வொன்றின் ஆற்றலும் கணிக்கப்படும். அவற்றை ஏறுவரிசையில் நிறுத்தி, நூற்றில் 95ஆம் இடத்தில் நிற்பதே பாட்டின் உரப்பெனக் கொள்ளப்படும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வெளியிட்ட விதியோ, மௌனப் பகுதிகளை நீக்கிச் சராசரி கண்டு, முழு அளவினின்றும் 23 உரப்பலகு கீழான நிலையை ஒலிபரப்புக்கு இலக்காக்கிற்று.

கணித்த வேறுபாடு கோப்பில் ஒரு குறிப்பாக மட்டுமே எழுதப்படும்; இசைத்தரவு மாறுவதில்லை. குறிப்பு −6 தெசிபெல் ஆயின், இசைக்குங் கருவி வீச்சத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். மெலிந்த பாட்டை உயர்த்துங்கால் முடி வெட்டுண்ணாதவாறு உச்ச அளவும் உடன் குறிக்கப்படும்.

எனினும், எல்லாவற்றையும் தனித்தனியே சமப்படுத்தல் தகாது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில், மூன்றாம் பகுதி மிக மெலிந்த ஒலியில் ஊர்ந்து, இடையறவின்றி நான்காம் பகுதியின் பேரொலியாய் வெடிக்கும். முன்னதை உயர்த்திப் பின்னதைத் தாழ்த்தின் அவ்வெழுச்சி குன்றும். இணைப்பிலும் ஒலிமட்டம் திடீரென மாறும். ஆதலின், ஒரு தொகுப்பு முழுவதற்கும் ஒரே திருத்தத்தை வழங்கும் தொகுப்புமுறையும் வகுக்கப்பட்டது. பல்வேறு பாட்டுகளைக் கலந்து கேட்போருக்குத் தனிமுறையும், ஒரு படைப்பை முழுமையாகக் கேட்போருக்குத் தொகுப்புமுறையும் ஏற்றனவாம்.

பதிவின்போதே நெருக்கப்பட்ட ஏற்றத்தாழ்வுகளை இம்முறைகள் மீட்டுத் தரமாட்டா. ஆயினும், உரத்த பதிவும் மென்மையான பதிவும் ஒரே உரப்பில் ஒலிக்குமிடத்து, நெருக்கிப் பதிவதால் வரும் ஊதியம் இல்லையாகின்றது. இசையினுள் அமைந்த மென்மையும் வன்மையும் படைத்தோன் கருத்தாகும். பதிவுகளுக்கிடையே நேரும் வேற்றுமையே களையத்தக்கது.