தேடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

செம்பூரில் நம் சங்க அன்பர் ஒருவர், ஓய்வு பெற்றவர், போன தீபாவளிக்கு முந்திய வாரம் வங்கி அட்டை வேலை செய்யவில்லையே என்று கைப்பேசியில் உதவி எண்ணைத் தேடினார். முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். எதிர்முனையில் தேனாக இந்தி. கேட்டதையெல்லாம் சொன்னார், ஓடிபி உட்பட. கால் மணி நேரத்தில் 40,000 ரூபாய் போய்விட்டது. பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுத்திருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

தேடியது தப்பில்லை, முதல் விடையை நம்பியதுதான் தப்பு. பட்டியலின் தலையில் இருப்பவை பல சமயம் காசு கொடுத்து இடம் பிடித்த விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், நம் வயதுக்கு அது எங்கே தெரிகிறது! வங்கி எண்ணைத் தேடவே வேண்டாம், அட்டையின் பின்புறத்திலேயே இருக்கிறது. அரசு காரியமானால், முகவரி ஜி-ஓ-வி புள்ளி ஐ-என் என்று முடிகிறதா பாருங்கள். அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. தேடும் சொற்களுக்குப் பின் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளியும் அந்த முடிவும் சேர்த்தால் அரசுத் தளங்கள் மட்டும் வந்து நிற்கும்.

தமிழில் தேடுவது தனிக் கலை. என் பேத்தி பள்ளிக்காக மதுரை வீரன் சாமியைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. தேடினால் 1956-இல் வந்த எம்.ஜி.ஆர். படம்தான் வரிசையாக வந்தது. இரு சொற்களையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டியே 'திரைப்படம்' என்று எழுதினோம். படம் பெரும்பாலும் ஒதுங்கியது, சாமி வந்தார். (சாமியையும் படத்தையும் சேர்த்துப் பேசும் நல்ல கட்டுரையும் இதில் விலகிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.)

ஊர்ப் பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறோம். மாயவரம் மயிலாடுதுறை ஆனது 1982-இல். அதற்கு முந்திய செய்தி வேண்டுமானால் பழைய பெயரிலும் தேட வேண்டும். நம் மொழியில் வேற்றுமை உருபு வேறு: 'தஞ்சாவூர்' என்று தேடினால் கிடைக்காதது 'தஞ்சாவூரில்' என்றால் சில சமயம் கிடைக்கும். பழைய நூல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்துக்கு நேரே போய்விடுங்கள், இலவசம்தான்.

செம்பூர் அன்பர் இப்போது வங்கி எண்ணைச் சமையலறை நாள்காட்டியில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் 1930-உம் இருக்கிறது.