பிரிவுல திரும்பு மச்சான்!

லாரி ஹாரன் இல்லை, சிக்னல் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை... எருமப்பட்டியைச் சுற்றி ஜாலியா ஒரு சைக்கிள் ரவுண்டு!

சனி, ஞாயிறு வந்தால் எங்க ஏரியா பசங்களுக்கு ஒரே அட்ரஸ்தான்... கொல்லிமலை! காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு செல்ஃபி. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான், போன செமஸ்டர் லீவு வரைக்கும். நண்பனோட பைக் மெக்கானிக் ஷெட்டில் படுத்துவிட்ட ஒரு சனிக்கிழமை, வேற வழியில்லாமல் வீட்டுத் திண்ணையோரம் சாத்திவைத்திருந்த சைக்கிளை வெளியே எடுத்தேன். தங்கச்சிக்கு பிளஸ் ஒன்னில் கவர்மென்ட் கொடுத்த சைக்கிள் அது. செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய், டயருக்குக் காத்து... அவ்வளவுதான், கிளம்பியாச்சு!

எருமப்பட்டி தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நாமக்கல்லில் இருந்து துறையூர் போற ரோட்டில் இருக்கிற பேரூராட்சி எங்க ஊர். வடக்கே நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கும். கீழே சின்ன வெங்காயம், நிலக்கடலை, மரவள்ளி, நடுநடுவே நீள நீளமா கோழிப் பண்ணைகள். நாமக்கல்னாலே முட்டையும் லாரியும்தானே? மெயின் ரோட்டில் சைக்கிள் மிதிச்சா ரெண்டும் நம்ம தோளை உரசிட்டுப் போகும். ஆனா, மெயின் ரோட்டை விட்டு ஏதாவது ஒரு பிரிவில் திரும்பி ஒரு கிலோமீட்டர் உள்ளே போய்ப் பாருங்க. வேற உலகம் பாஸ்!

பொட்டிரெட்டிப்பட்டி பக்கமோ அலங்காநத்தம் பக்கமோ, எங்க திரும்பினாலும் ஒத்தை வண்டி போற தார் ரோடு. ரெண்டு பக்கமும் வேலி, பனைமரம், மயில் சத்தம், மோட்டார் ரூம் தொட்டியில் தண்ணி விழற சத்தம். என் சைக்கிளில் முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல். ஒரு தடவை மிதிச்சா ஏறக்குறைய 5 மீட்டர். மெக்கானிக்கல் படிக்கிற பையன் இல்லையா... எண்ணாம இருக்க முடியலை!

கல்லைப் பாரு, கலரைப் பாரு!

'எந்த ரோடு அமைதியான ரோடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?' நல்ல கேள்வி. ஓரத்தில் நிற்கிற கிலோமீட்டர் கல்லே பதில் சொல்லும். தலையில் மஞ்சள் பெயின்ட் அடிச்சிருந்தா நேஷனல் ஹைவே. சைக்கிளைத் திருப்பிடுங்க. பச்சைன்னா ஸ்டேட் ஹைவே. ஓரமா, உஷாரா போகலாம். ஆரஞ்சுன்னா 2000-ம் வருஷக் கடைசியில் ஆரம்பிச்ச பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு. அதுதான் நம்ம ரோடு! பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம்தான். எதிரெதிரே ரெண்டு லாரி வந்தா ஒண்ணு மண்ணில் இறங்கணும். அதனாலேயே வேகமா போற வண்டிகள் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காது.

கல்லே இல்லைன்னா? காலையில் பால்காரர் எந்த வழியா வர்றார்னு பாருங்க. டூவீலரில் ரெண்டு கேனைக் கட்டிக்கிட்டு வர்றவர், பள்ளம் இல்லாத, சுத்தாத ரோடாத்தான் பிடிப்பார். போன் மேப்பைவிட அவர் பெட்டர்!

தங்கச்சி போட்ட கண்டிஷன்

ரெண்டு வாரம் சீன் போட்டுக்கிட்டுச் சுத்தினதில் வீட்டில் மாட்டிக்கிட்டேன். "என் சைக்கிளை யாரைக் கேட்டு எடுத்த?"ன்னு தங்கச்சி சண்டைக்கு வந்துட்டா. பி.எஸ்சி. ஃபர்ஸ்ட் இயர். காலேஜ் பஸ் நிற்கிற பிரிவு வரைக்கும் தினமும் அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விடுவார். அவருக்கு வேலை இருந்தா அன்னிக்கு அவளுக்கு லீவு. சமாதானத்துக்காக, பக்கத்து வீட்டு சைக்கிளையும் கடன் வாங்கி அவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். நான் கண்டுபிடிச்சதிலேயே பெஸ்ட் ரோட்டுக்கு! நாலு கிலோமீட்டருக்கு ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு.

பாதியிலேயே பிரேக் போட்டு நின்னுட்டா. "அண்ணா, இதையா நல்ல ரோடுன்னு சொல்ற? ஆளே இல்லை. நான் தனியா வந்தா இங்க யாரைக் கூப்பிடுறது?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. எனக்கு எது அமைதியோ, அதுவே அவளுக்குப் பயம். இருபது வருஷமா இதே ஊரில் இருக்கேன், எனக்குத் தோணவே இல்லை.

அதுக்கப்புறம் ரூட் போடுற வேலை அவளோடது. லாரி வரக் கூடாது, ஆனா ஆள் இருக்கணும். ஒரு மளிகைக் கடை, பால் சொசைட்டி, காட்டில் களை எடுக்கிற அக்காக்கள், கோயில் திண்ணை, இதில் ஏதாவது ஒண்ணு ஒரு கிலோமீட்டருக்குள்ள கண்ணில் பட்டே ஆகணும். அப்படி அவ போட்ட ரூட்டில் போனப்பதான் விஷயமே புரிஞ்சது. கடலை பறிச்சிட்டிருந்த ஓர் ஆயா, "எங்க கண்ணு போறீங்க? வெயில் ஏறுது, தண்ணி குடிச்சிட்டுப் போ அம்மிணி"ன்னு சொம்பை நீட்டினாங்க. என்னோட 'பெஸ்ட்' ரோட்டில் இது கிடைக்கவே கிடைக்காது!

இதுக்கு நம்ம ஊரிலேயே ஒரு பெரிய ஃபிளாஷ்பேக் இருக்கு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்ததோடு, பெண்களுக்கு சைக்கிளும் ஓட்டக் கத்துக்கொடுத்தது. அப்போ கலெக்டரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். குவாரியில் கல் உடைச்சவங்க, விவசாயக் கூலிகள், நர்ஸுகள்னு ஆயிரக்கணக்கான பெண்கள் ஹேண்டில் பாரைப் பிடிச்சாங்க. தண்ணி எடுக்க, வேலைக்குப் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லைன்னு ஆச்சு. அடுத்து, 2001-02-ல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்காகத் தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் வந்தது. அப்புறம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும் விரிஞ்சது. ஆனா, பிளஸ் டூ முடிஞ்சதும் அந்த சைக்கிள் எங்க போகுது? பசங்க பைக்குக்கு மாறிடுறோம். பொண்ணுங்க சைக்கிள் திண்ணைக்குப் போயிடுது.

சுரங்கத்தில் இருந்து வந்த ஐடியா!

பெல்ஜியம் நாட்டில் லிம்பர்க்னு ஒரு பகுதி. அங்கே ஹ்யூகோ போலன்னு ஒரு சுரங்க இன்ஜினீயர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளே பாதைகள் சந்திக்கிற இடத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கும். சுரங்கங்கள் மூடின காலத்தில், 'இதையே ஏன் சைக்கிளுக்கும் செய்யக் கூடாது?'ன்னு யோசிச்சார். வண்டி குறைவா ஓடுற ரோடுகள் சந்திக்கிற ஒவ்வொரு முனைக்கும் ஒரு நம்பர். 12, 15, 31-னு ஒரு சீட்டில் எழுதிக்கிட்டா போதும், வழி தவறாது. 1995-ல் லிம்பர்க்கில் ஆரம்பிச்சது, இன்னிக்கு நெதர்லாந்து, ஜெர்மனி வரைக்கும் பரவிடுச்சு. கிராஃப் தியரி கிளாஸில் புள்ளியும் கோடும் போட்டப்ப தூங்கினதுக்கு இப்போ ஃபீல் பண்றேன்!

நம்மகிட்ட நம்பர் இல்லையே தவிர, முனை எல்லாம் ரெடியா இருக்கு. அதுக்குத்தானே அலங்காநத்தம் பிரிவு, கைகாட்டின்னு பேரே வெச்சிருக்கோம்! தங்கச்சியும் நானும் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டில் எங்க பக்கத்துப் பிரிவுகளுக்கு நம்பர் போட ஆரம்பிச்சிருக்கோம். ரெண்டு முனைக்கு நடுவில் பச்சைக் கோடுன்னா அவ தனியா போகலாம். சிவப்புன்னா சேர்ந்துதான் போகணும். இதுவரைக்கும் 14 முனை ஆச்சு. உங்க ஊருக்கு நீங்க போடுங்க. ஒரே ஒரு ரூல்: வகுப்பில் படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட கேட்காம எந்தக் கோட்டுக்கும் பச்சை அடிக்காதீங்க!

கிளம்புறதுக்கு முன்னாடி...

* ஆனி, ஆடியில் மேல்காத்து பேய் மாதிரி அடிக்கும். போகும்போது மேற்கே போங்க, களைச்சுத் திரும்பும்போது காத்தே தள்ளிவிடும்.

* அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே கொள்ளு, சோளம் காயும். இறங்கித் தள்ளிட்டுப் போங்க. கொள்ளுக் கொடி செயினில் சிக்கினா அரை மணி நேரம் காலி. அதோட, அது ஒருத்தரோட ஒரு வருஷ உழைப்பு.

* பண்ணை நாய் துரத்தினா மிதிக்காதீங்க. இறங்கி, சைக்கிளை நடுவில் வெச்சுக்கிட்டு மெதுவா நடங்க.

* வளைவையொட்டிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும். இருட்டின பிறகு தெரியாத ரோடு வேண்டவே வேண்டாம்.

* கருவேல முள் கியாரன்ட்டி. ஒரு ட்யூப், ஒரு கைப்பம்பு, ரெண்டு லிட்டர் தண்ணி கட்டாயம்.

* ஆடி 18-க்கு மலையில் வல்வில் ஓரி விழா. அன்னிக்கு அடிவாரம் முழுக்கக் கூட்டம். லீவு விட்டுடுங்க!

கடைசியா ஒரு நியூஸ். வீட்டில் இருந்து காலேஜ் பஸ் பிரிவு வரைக்கும் தங்கச்சி தனியா சைக்கிளில் போகட்டுமான்னு அப்பாகிட்ட கேட்டோம். இன்னும் ஓகே சொல்லலை. ஆனா, நோட்டை வாங்கிப் பொறுமையா ஒவ்வொரு பக்கமா புரட்டினார். அப்புறம் என் பேனாவை வாங்கி, 7-ம் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். "இங்க ஒரு கிணறு இருக்கு, விட்டுட்டீங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

போன வாரம் பார்த்தா, அவ சைக்கிளுக்குப் புது பெல் மாட்டியிருக்கு. யார் மாட்டினதுன்னு வீட்டில் யாரும் கேட்டுக்கலை!