முயலுக்கு நம்ம வீட்டு ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா?

செல்லமாக வளர்க்கும் முயல் தும்முகிறது, மூக்கு ஒழுகுகிறது. வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறது. ‘குழந்தைக்கே கொடுக்கிறோம், முயலுக்கு ரெண்டு சொட்டு கொடுத்தா என்ன ஆகிடப் போகுது?’ என்று தோன்றலாம். ஆனால், அந்த ரெண்டு சொட்டு முயலின் உயிரையே பறித்துவிடலாம்.

என்ன காரணம்?

முயலின் குடலில் பெரிய பை போன்ற ஒரு பகுதி உண்டு. புல்லில் இருக்கும் நார்ச்சத்தை அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள்தான் நொதிக்க வைக்கின்றன. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் இந்த நல்ல பாக்டீரியாக்கள் அழிகின்றன. அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். வயிற்றுப்போக்கில் தொடங்கி, சில நாட்களில் மரணம்வரை போகலாம். கினி பிக், ஹாம்ஸ்டர், சின்சில்லாவுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஊசியாகப் போட்டால்?

மருந்து போகும் வழியும் முக்கியம். வாய்வழியாகக் கொடுக்கக் கூடாத பென்சிலினையே, தேவைப்பட்டால் முயலுக்குத் தோலுக்கடியில் ஊசியாக மருத்துவர்கள் போடுவதுண்டு. ஆனால், கினி பிக்குக்கு ஊசியாகக்கூட அதைத் தவிர்க்கிறார்கள். எனவே எந்த மருந்து, எந்த வழி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாய்க்கான உண்ணி மருந்து?

ஃபிப்ரோனில் கலந்த சொட்டு மருந்து நாய்க்குப் பழக்கமானதுதான். முயலுக்கு அது நஞ்சு. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம்.

மருந்து கொடுப்பது எப்படி?

மருத்துவர் தந்த மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுங்கள். முயலைத் துண்டால் சுற்றிப் பிடியுங்கள். முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஒரேயடியாக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

எப்போது அவசரம்?

முயல் சாப்பிடுவதை நிறுத்தினாலோ, புழுக்கை போடாவிட்டாலோ ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விடாதீர்கள். குடல் இயக்கமே நின்றுபோகும் அபாயம் உண்டு. அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். ‘முயலுக்குப் பார்ப்பீங்களா?’ என்று முன்பே போன் செய்து கேட்டு, அந்த எண்ணைச் சேமித்து வைப்பது நல்லது.