வெள்ளந்தாங்கும் நெல்லும் மரபணுச் சோதனையும்

நெற்பயிர் நீரை விரும்புவதாயினும், நீரில் மூழ்கிக் கிடப்பதைப் பொறுப்பதன்று. இளம்பயிர் மூழ்கிப் பல நாள் வடிகாலின்றி நிற்குமாயின், சாதாரண ரகங்கள் காற்றை நாடி உயர்ந்து, தம்மிடமுள்ள மாவுச்சத்தைச் செலவிட்டு, நீர் வடிந்ததும் சாய்ந்து மடிகின்றன. விதை, எரு, கூலி யாவும் குடியானவருக்கு நஷ்டமேயாம்.

ஒடிசா நாட்டு நெல்லினின்றும் தெரிந்தெடுத்த எப்.ஆர். 13ஏ என்னும் வர்க்கமோ, மூழ்கியிருக்குங்கால் வளர்ச்சியை அடக்கிச் சத்தைச் சேமித்துச் சுமார் இரண்டு வாரம் உயிர்தாங்கிப் பின்னர் துளிர்க்கும். ஆயினும் அதன் மகசூல் சொற்பம். இக்குணத்துக்குரிய சப்-1 என்னும் பகுதி நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் உள்ளதென 1996-லும், அதன் மரபணு இன்னதென 2006-லும் வெளியிடப்பட்டன.

இக்குணத்தை நல்ல ரகத்தில் ஏற்றுவதற்கு, இனக்கலப்பால் வந்த செடியை மீண்டும் மீண்டும் அந்நல்ல ரகத்துடனேயே கலத்தல் வேண்டும். முன்னாளில் இதற்கு ஆறு தலைமுறைகள் வரை செல்லும். குணம் எச்செடியில் உளதென அறியப் பயிரை நீரில் மூழ்கவைத்துப் பார்த்தலும் வேண்டும். இப்பொழுது நாற்றின் சிறு இலைத்துண்டைச் சோதித்து, மரபணு அடையாளத்தைக் கண்டு, வேண்டுவனவற்றை மட்டும் நிறுத்தி ஏனையவற்றைக் கழித்துவிடலாம். இவ்வகையில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு மூன்று கலப்புகளிலேயே ஸ்வர்ணா சப்-1 ரகத்தை உண்டாக்கினர். அது 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டுக்கு இவ்வாறே சி.ஆர். 1009 சப்-1 கிடைத்துளது.

ஒவ்வொரு நிலையமும் தனித்தனியே சோதனைச்சாலை அமைத்தல் பெருஞ்செலவாகும். ஆதலின் பல நிலையத்தாரும் உலர்ந்த இலைத்துண்டுகளைச் சேர்த்து ஒரே சாலைக்கு அனுப்பி, தேவையான சில அடையாளங்களை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு தோன்றியுளது. ஒரு சாலைக்கு வரும் மாதிரிகள் பெருகப் பெருக, மாதிரி ஒன்றுக்காகும் செலவு குறைகின்றது. செலவு குறையின் சிறு நிலையங்களும் தத்தம் வட்டாரத்தார் விரும்பும் ரகங்களைத் திருத்தக்கூடும்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டுவன: இந்நெற்பயிர் தோற்றத்தில் பெரும்பாலும் பழைய ரகத்தையே ஒத்திருக்கும், வயலில் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் எளிதன்று. எனவே சான்றுபெற்ற விதையையே வாங்கிக் கலப்பின்றிக் காத்தல் அவசியம். வெள்ளம் வடிந்தவுடன் பயிர் பட்டதெனக் கருதி உழுதுவிடலாகாது. சில நாள் பொறுத்துத் துளிரைப் பார்த்தல் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட வெள்ளத்துக்கும் உவர்நீருக்கும் இக்குணம் காப்பாகாது. ஆதலின் வாய்க்கால்களையும் வடிகால்களையும் பருவத்துக்கு முன்னரே தூர்வாருவிப்பதில் கிராம அதிகாரிகள் சிரத்தை கொள்ளவேண்டும்.