நூலகப் படிப்பும் செய்முறைப் பயிற்சியும்



நூலகர் வேலைக்குப் பள்ளிப்படிப்பு முடித்தவர்களுக்குச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. டிகிரி முடித்தவர்களுக்கு பி.லிப். இருக்கிறது. இடையில் சில நாளோ சில வாரமோ ஒரு நூலகத்தில் நேரில் வேலை பழகணும். மகள் வந்து கேட்டால், "தூசி தட்டவா காசு கட்டிப் படிக்க வெச்சோம்?" என்று நிறுத்திவிடாதீர்கள். பயிற்சியை முடிக்காவிட்டால் கட்டிய பணமும் படித்த வருஷமும் வீணாகலாம்.

அங்கே என்ன பழகுவார்கள்? நாம் குழுவில் பதிவேடு எழுதுகிற மாதிரிதான். புதுப் புத்தகம் வந்ததும் முத்திரை குத்தி, சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு எண் கொடுப்பார்கள். அந்தப் புத்தகம் தொலைந்தாலும் அதே எண்ணை இன்னொன்றுக்குத் தரமாட்டார்கள். அடுத்தது பொருள்வாரியாகப் பிரிப்பது. டூயி முறையில் ஆடு, மாடு, கோழி வளர்ப்புக்கு 636, சமையலுக்கு 641.5. ஒரே சங்கதி ஒரே அலமாரியில் நிற்கும். 'கோஹா' என்ற இலவச மென்பொருளில் பதியவும் பல இடங்களில் கற்றுத்தருகிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பிலும் ஓரளவு சொல்லிவிடலாம். "ஆட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சு, அதுக்கு ஒரு புத்தகம் இருக்கா கண்ணு?" என்று ஒரு பாட்டி வந்து நிற்கும்போது எதை எடுத்துக் கொடுப்பது? அது ஆளோடு பேசிப் பழகினால்தான் வரும்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அந்த வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பப் பார்த்தாராம். பிறகு இங்கிலாந்து போய்ப் படித்து, அங்குள்ள பல நூலகங்கள் நடக்கும் விதத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. இந்திய நூலகவியலின் தந்தை என்று இன்று சொல்வது அவரைத்தான்.

சேரும் முன்பே, பயிற்சி எந்த ஊரில், எத்தனை நாள், சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். கடைசி பஸ்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பஸ் காசு, சாப்பாட்டுக்கு முடை என்றால் குழுவில் சிறு உள்கடன் கேட்கலாம், அதில் வெட்கமில்லை. கல்லூரியின் அனுமதிக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோகணும். அன்றன்று செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி, நூலகரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள். கடைசி நாளில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், அவர் லீவில் போயிருப்பார்.