வரி காட்டி ஏய்ப்போர்

வரி தமிழர்க்குப் புதியதன்று. இறை, ஆயம், உல்கு, கடமை என அதற்குப் பழந்தமிழில் பெயர்கள் பல. சுங்கம் நீக்கியமையால் முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றப்பட்டான். சோழர் ஆட்சியில் நிலவரிக் கணக்கைக் காக்கப் புரவுவரித் திணைக்களம் என்றொரு துறையே இயங்கியது. அரசன் வாய்மொழிந்த ஆணை ஓலையில் எழுதப்பெற்று, அதிகாரிகள் பலர் ஒப்பமிட்ட பின்னரே வரிப்பொத்தகத்தில் ஏறியது. அத்தனை கைகள் பட்ட ஓலையைப் போலியாகச் செய்வது எளிதாய் இருந்திராது. இன்றோ, வரித்துறையின் பெயரால் எவரும் ஒரு நொடியில் நம் கைப்பேசிக்கு ஓலை விடுக்கலாம்.

வரி ஏய்ப்போரைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். வரியைக் காட்டி நம்மை ஏய்ப்போரைப் பற்றி இங்குக் காண்போம். அவர்தம் கருவிகள் இரண்டே. ஒன்று ஆசை, மற்றொன்று அச்சம்.

2023ஆம் ஆண்டில் ஒரு குறுஞ்செய்தி நாடெங்கும் உலவியது. ‘உங்களுக்கு ரூ.15,490 வருமான வரி திரும்பக் கிடைக்கவுள்ளது. வங்கிக் கணக்கு எண் தவறாயின் இந்த இணைப்பில் திருத்துக’ என்பது அதன் கருத்து. ஆயிரம் என்று முழுத்தொகை கூறாது, சில்லறையோடு கூறிய நுட்பத்தை நோக்குக! அது போலி என்று நடுவண் அரசின் செய்தித் துறையே அறிவிக்க நேர்ந்தது. மிகுதியாய்ச் செலுத்திய வரி, நாம் முன்பே பதிந்து உறுதிசெய்த வங்கிக் கணக்கிற்கு நேரே வந்து சேரும். அதற்காகத் துறையினர் கடவுச்சொல்லையோ, அட்டையின் இரகசிய எண்ணையோ கேட்பதில்லை.

அச்சுறுத்தி வரும் அறிவிப்புக்கும் மருந்து உண்டு. 2019 அக்டோபர் முதல், வருமான வரித் துறை விடுக்கும் மடல்களில் ஆவண அடையாள எண் இடம்பெற வேண்டும் என்பது விதி. விதிவிலக்குகள் மிகச் சிலவே. அவ்வெண் மெய்யானதா என்பதைத் துறையின் வலைத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். அன்றைய ஓலையின் ஒப்பங்களுக்கு இன்றைய ஈடு இதுவே எனலாம். தொலைபேசியில் ‘உம்மைக் கைது செய்துவிட்டோம், பணம் செலுத்தினால் விடுவிப்போம்’ என்பானாயின் ஐயமே வேண்டா. அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் பறிபோயிருப்பின் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். காலம் தாழ்த்தினால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும்.

இவற்றினும் பெருங்கேடு, அறிந்தவர் வாயிலாக வருவது. உடன் பணிபுரியும் ஒருவர்க்குப் பெருந்தொகை திரும்பக் கிடைத்ததென்ற செய்தி பரவுகிறது. அவர் ஒரு முகவரைக் கைகாட்டுகிறார். முகவரோ கிடைக்கும் தொகையில் பங்கு பேசுகிறார். கட்டாத வாடகை, வாங்காத கல்விக் கடனின் வட்டி, கொடுக்காத நன்கொடை ஆகியவற்றை எழுதிக் கணக்குத் தாக்கல் செய்கிறார். வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்னும் நெறியில் வளர்ந்தோர், ஈயாத கொடையை ஈந்ததாக அரசுக்கு எழுதிக் கொடுப்பதை என்னென்பது!

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு இருபது வரி செலுத்தும் ஒருவர் பெயரில், பழைய வரிமுறையின்கீழ் ரூ.1,50,000 பொய்யாகக் கழிக்கப்பட்டால், மேல்வரி உட்பட ரூ.31,200 மிஞ்சும். முகவர் பத்தில் ஒரு பங்கு கேட்பதாகக் கொண்டால் அவர்க்கு ரூ.3,120. பின்னாளில் பொய் வெளிப்பட்டால் அந்த ரூ.31,200ஐ வட்டியோடு செலுத்துவதன்றி, தவறான தகவல் தந்தமைக்கு அதன் இருமடங்காகிய ரூ.62,400 தண்டமும் சேரலாம். அப்பொழுது முகவர் இருக்கும் இடம் தெரியாது. கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லை அவரிடம் கூறிய கணத்திலேயே அக்கணக்கில் நாம் ஒப்பமிட்டவராகி விட்டோம், பொறுப்பு நம்முடையதே.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை இத்தகைய இடைத்தரகர்களைக் குறிவைத்து 150 இடங்களில் ஆய்வு நடத்தியது. அப்பொழுது வெளிப்பட்ட ஒரு தந்திரம் கருதத்தக்கது. சிலர் கணக்குத் தாக்கலுக்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தோற்றுவித்துப் பின்னர்க் கைவிட்டுள்ளனர். துறை விடுக்கும் அறிவிப்பெல்லாம் ஆளற்ற வீட்டிற்குச் சென்ற அஞ்சலாகிவிடும். கணக்கிற்கு உரியவரோ ஏதும் அறியார். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் ரூ.1,045 கோடி அளவிலான பொய்க் கழிவுகளைத் தாமே கைவிட்டதாகவும் துறை அறிவித்தது. அவ்வாறு பிந்தித் திருத்துவோர்க்கும் வழியுண்டு. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, வரியோடு நூற்றுக்கு 25 தொடங்கி 70 வரை கூடுதலாகச் செலுத்த நேரும்.

நேர்மையான கணக்கர்கள் பலர் உளர் என்பதை மறுக்கவியலாது. அவர்கள் உழைப்பிற்குக் கட்டணம் பெறுவர். திரும்பும் தொகையில் பங்கு கேளார். எவரிடம் ஒப்படைப்பினும், பதிவில் நம் கைப்பேசி எண்ணும் நம் மின்னஞ்சலும் இருத்தல் வேண்டும். தாக்கலுக்கு முன் படியை வாங்கி, பணியிடத்தில் தந்த வரிப்பிடித்தச் சான்றோடும், வலைத்தளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையோடும் ஒப்பிடுதல் நன்று.

வருமானமே இல்லாதவர்க்கும் ஒரு வலை உண்டு. கடன் வாங்கித் தருவதாகவோ வேலை தருவதாகவோ கூறி, பான் அட்டை, ஆதார் ஆகியவற்றின் படிகளைப் பெற்று, அவர் பெயரில் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு செய்துவிடுகின்றனர். பொருளே கைமாறாமல் பட்டியல் மட்டும் கைமாறும். இறுதியில் கூலித்தொழிலாளியின் குடிசைக்குக் கோடிக்கணக்கில் வரி கேட்டு அறிவிப்பு வரும் செய்தியை நாளிதழ்களில் காண்கிறோம். பதினைந்து இலக்கம் கொண்ட அப்பதிவெண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். அடுத்த பத்தும் பான் எண்ணே. ஆதலின் அவ்வரிக்குரிய அரசு வலைத்தளத்தில் பான் எண்ணை இட்டுத் தேடினால், நம் பெயரில் எத்தனை பதிவுகள் உள்ளன என்பது கட்டணமின்றித் தெரியும். நம் மாணவர்கள் விடுமுறையில் இல்லம் செல்லும்போது பெற்றோர்க்கு இதைச் செய்து காட்டலாம். ஐந்து நிமிடப் பணியே.