கீச்சிடும் பெல்ட் என்ன சொல்கிறது?

மாணவர்களே, கம்போங் ராஜாவில் விடியற்காலையில் சேவல் கூவுவது காதில் விழாமல் போகலாம். லேண்ட்ரோவர் கீச்சிடுவது விழாமல் போகாது. மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து காய்கறிக் கூடைகளைச் சாலைக்குக் கொண்டுவர, கேமரன் மலையில் இன்னமும் பழைய லேண்ட்ரோவர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூடுபனி விலகாத நேரத்தில் சாவியைத் திருப்பினால், இஞ்சின் உறுமலுக்கு மேலே 'கீ...ச்' என்று ஓர் ஒலி எழும். இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கிவிடும். "குளிருக்கு அப்படித்தான் கத்தும், சூடானா சரியாயிடும்" என்பார் ஓட்டுநர். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. பழைய லேண்ட்ரோவரில் அதற்கு ஃபேன் பெல்ட் என்று பெயர். இஞ்சினின் முதன்மைத் தண்டு சுழலும்போது, அந்தச் சுழற்சியை இந்த ஒரே பெல்ட் வாங்கி மூன்று வேலைகளைச் செய்கிறது. ரேடியேட்டருக்குக் காற்றிழுக்கும் விசிறியையும், இஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவைக்கும் பம்ப்பையும், பேட்டரிக்கு மின்னூட்டும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் அதுவே சுழற்றுகிறது. உங்கள் வீட்டில் புதிய கார் இருந்தால் அதில் பல வரிகள் கொண்ட தட்டையான பெல்ட் இருக்கும். குளிர்சாதனக் கருவியின் கம்ப்ரசரையும் அதுவே ஓட்டும். எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். பெல்ட்டுக்குப் பல் கிடையாது; அது எதையும் கொக்கிபோட்டு இழுப்பதில்லை. புல்லியோடு அதற்குள்ள ஒரே பிடிப்பு உராய்வு. பாடநூல் 'கப்பி' என்று சொல்வதைத்தான் பட்டறையில் புல்லி என்கிறார்கள். உராய்வைத் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இடைநிலைப்பள்ளியில் அதே பாடம் 'கெசேரான்' என்ற பெயரில் மறுபடி வந்திருக்கும்.

சரி, ஒலி எங்கிருந்து வருகிறது? பூப்பந்து விளையாடும்போது சட்டென நின்றால் காலணி கீச்சிடுகிறதே, அதே கதைதான். ரப்பர் ஒரு பரப்பைப் பற்றிக்கொள்ளும். இழுவிசை கூடும்போது கொஞ்சம் நீளும். பிடிப்பின் எல்லை தாண்டியதும் வழுக்கி, உடனே மறுபடி பற்றிக்கொள்ளும். நிலையாக இருக்கும்போதுள்ள உராய்வு, வழுக்கும்போதுள்ள உராய்வைவிட அதிகம் என்பதால்தான் இந்தப் 'பற்று, வழுக்கு' ஆட்டம் நடக்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சில வேளை ஆயிரத்துக்கும் மேலாக இது நடந்தால், ரப்பரின் அதிர்வு நம் காதுக்குக் கீச்சொலியாகக் கேட்கிறது. வயலின் வில் தந்தியை இசைப்பதும் இதே முறையில்தான். வயலினில் அது இசை. இஞ்சினில் அது ஒரு செய்தி. பெல்ட் தன் வேகத்தில் புல்லியைச் சுழற்றவில்லை, அதன்மேல் வழுக்குகிறது என்பதே அந்தச் செய்தி.

இப்போது அந்தக் காலை நேரத்துக்கு வருவோம். இரவு முழுதும் பனியில் நின்ற வண்டியில், பெல்ட்டின் மேல் மெல்லிய ஈரப்படலம் இருக்கும். ரப்பரும் குளிரில் சற்று விறைத்திருக்கும். இவை இரண்டும் பிடிப்பைக் குறைக்கின்றன. அதே வேளையில் பெல்ட்டின் சுமையோ கூடியிருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினைக் கிளப்ப, சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டது. அதை ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்ப வேண்டும். பனிக்காக முன்விளக்கும் எரிகிறது. மின்சாரம் எவ்வளவு அதிகம் கேட்கப்படுகிறதோ, காந்தப்புலத்தின் எதிர்ப்பால் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது அவ்வளவு கடினமாகும். மிதிவண்டியில் டைனமோ விளக்கைப் போட்டதும் மிதிப்பது கனக்கும் என்பதைத் தாத்தா காலத்தவர்கள் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். போதாக்குறைக்கு ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது. பெல்ட் தொடும் பரப்பு அங்கே குறைவு. அதனால் முதலில் வழுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சில நிமிடங்களில் ஈரம் காய்கிறது, பேட்டரியின் பசி குறைகிறது, ஒலி நிற்கிறது. ஆனால் நல்ல நிலையிலுள்ள பெல்ட், சரியான இழுப்பில் இருந்தால், இந்தக் குளிரையும் சுமையையும் கீச்சிடாமலே தாங்கும். ஒலி நின்றது சுமை குறைந்ததால். பெல்ட் சரியானதால் அல்ல. ஓட்டுநர் சொல்லாமல் விட்ட பாதி இது.

பெல்ட் ஏன் 'வி' எழுத்தைப் போன்ற வடிவில் இருக்கிறது என்று யோசித்ததுண்டா? எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் பாரத்தைத் தொங்கவிட்டு, மறுமுனையை நாம் பிடித்தால், சிறு விசையால் பெரிய பாரத்தைத் தாங்கலாம். 18ஆம் நூற்றாண்டில் லெயோன்ஹார்ட் ஆய்லர் இதற்குச் சூத்திரம் தந்தார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், அரைச்சுற்று தொடும் தட்டையான பெல்ட்டில், வழுக்குவதற்கு முன் இறுகிய பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல் சுமார் 2.5 மடங்கு வரை போகலாம். அதே ரப்பரை 'வி' வடிவப் பள்ளத்தில் ஆப்பு மாதிரி அமரவைத்தால், பக்கச்சுவர்கள் அதை நெருக்குவதால் உராய்வு மூன்று மடங்குக்கும் மேலாக வேலை செய்யும். விகிதம் ஏறத்தாழ 21 மடங்காகிறது! அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் 1917இல் ரப்பர் 'வி' பெல்ட்டை உருவாக்கியது, வாகனங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று இந்த எண்ணே சொல்லும்.

இதிலிருந்தே ஒரு நல்ல சோதனையும் பிறக்கிறது. 'வி' பெல்ட் பக்கச்சுவர்களால்தான் பிடிக்க வேண்டும். பள்ளத்தின் அடியைத் தொடக்கூடாது. பெல்ட் தேய்ந்து மெலிந்தால் கீழே இறங்கி அடியைத் தொடும், ஆப்பு வேலை நின்றுவிடும். இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஆறவிட்ட பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினால், பெல்ட்டின் காலம் முடிந்தது. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தாலும் அதே பொருள்தான். வழுக்கினால் சூடு, சூட்டால் ரப்பர் இறுகி வழவழப்பாகும், வழவழப்பால் இன்னும் வழுக்கும். இந்தச் சுழலில் மாட்டிய பெல்ட்டை இழுத்துக் கட்டிப் பயனில்லை.

பட்டறைக்காரர்கள் காதாலும் ஆராய்வார்கள். விளக்கைப் போடும்போதோ, பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியில் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுதும் திருப்பும்போதோ நீளமாக அலறினால், இழுப்பு போதவில்லை. சுமையைப் பொருட்படுத்தாமல் 'கிச்... கிச்... கிச்' என்று தாளம்போல் வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் பெல்ட் பக்கவாட்டில் உரசி நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய, ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிப்பார்கள். ஒலி அதிகமானால் தளர்வு. சில நொடி நின்று மறுபடி வந்தால் நேர்கோட்டுக் கோளாறு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால், கரகரக்கும் பேரிங்கும் அகப்பட்டுவிடும். தண்ணீர்ச் சோதனை பழகிய பெரியவர்களின் வேலை. நீங்கள் தள்ளி நின்று கவனியுங்கள். ஓடும் பெல்ட்டுக்கு விரலும் கூந்தலும் துப்பட்டாவும் ஒன்றுதான்.

சிலர் சோப்புக் கட்டியை ஓடும் பெல்ட்டில் தேய்ப்பார்கள். ஒலி நிற்கும், மெய்தான். சோப்பு வழுக்கலைச் சீராக்கிவிடுகிறது. 'பற்று' போய் 'வழுக்கு' மட்டும் மிஞ்சுகிறது. காய்ச்சல்காரனின் வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் நனைப்பதுபோன்ற வைத்தியம் இது. எண்ணெய் இன்னும் மோசம், ரப்பரை ஊதவைத்துவிடும். பெல்ட்டில் எண்ணெயோ குளிர்நீர்க் கசிவோ பட்டிருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். புல்லியைக் கழுவித் துடைக்காமல் புதுப் பெல்ட் போட்டால், அதுவும் அடுத்த வாரம் பாடத் தொடங்கும்.

பழுதுபார்ப்பது பழைய வண்டியில் எளிது. டைனமோவைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை வெளிப்பக்கம் நெம்பி, பெல்ட் இறுகியதும் முடுக்குவார்கள். இரு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் பொதுவாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்வாங்க வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். 'இன்னும் கொஞ்சம் இறுக்கு' என்பதும் ஆபத்தே. அளவுக்கு மீறிய இழுப்பு தண்ணீர்ப் பம்ப்பின் பேரிங்கைத் தின்றுவிடும். புதுப் பெல்ட் சிறிது தூரம் ஓடியதும் நீளும் என்பதால் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். புதிய கார்களில் சுருள்வில் பொருத்திய தானியங்கி இறுக்கி இந்த வேலையைச் செய்கிறது. அங்கே கீச்சொலி வந்தால், பெல்ட்டோடு அந்த இறுக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மலைவாசிகளுக்கு இதில் கூடுதல் அக்கறை ஏன்? சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலையை நினைத்துப் பாருங்கள். சுமையேற்றிய வண்டி தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறுகிறது. இஞ்சின் கடுமையாக உழைத்து வெப்பத்தைக் கொட்டுகிறது, ஆனால் வேகம் குறைவு என்பதால் எதிர்க்காற்று போதாது. விசிறியும் பம்ப்பும் மிகத் தேவைப்படுவது அப்போதுதான். அங்கே பெல்ட் அறுந்தால் மூன்று வேலைகளும் ஒரே நொடியில் நிற்கும். டீசல் இஞ்சின் மின்சாரம் இல்லாமலும் ஓடும் என்பதால், ஓட்டுநர் கவனிக்காமல் போய்க்கொண்டே இருப்பார். கொதித்த இஞ்சினில் சிலிண்டர் தலைப்பகுதி வளைந்தால், செலவு ஒரு பெல்ட்டின் விலையைப்போல் பல மடங்கு.

ஆகவே அப்பாவோடு முன்னிருக்கையில் போகும்போது, இரண்டை மட்டும் கவனியுங்கள்: பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு, வெப்பமானி முள். விளக்கு எரிந்து முள்ளும் ஏறினால், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். முழுதும் ஆறிய பிறகுதான் அந்த மூடியில் கை வைக்க வேண்டும்.